டயட், மூலிகை, ரத்தக்குழாய்: ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் என் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்கள் ஊசி குத்துவதற்குள் நாலு சந்தேகம் கேட்டுவிடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்லவேண்டியது. எண்களை எப்படிப் படிப்பது, எந்த மூலிகைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

"ரத்தக்குழாய் நல்லா இருக்கான்னு எந்த டெஸ்ட்ல சார் தெரியும்?"

ஒரே டெஸ்டில் தெரியாது. பிபி, கொழுப்பு, சர்க்கரை மூன்றும் குழாய்க்கு என்ன தொல்லை நடக்கிறது என்று காட்டும். குழாயையே பார்க்க வேண்டுமென்றால், கழுத்து ரத்தக்குழாயின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். நாடித் துடிப்பு குழாய் வழியாக எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்து, குழாய் விறைத்திருக்கிறதா என்றும் கணக்கிடுவார்கள்.

ஆராய்ச்சிகளில் அடிக்கடி வரும் சோதனை இன்னொன்று. கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, சட்டென்று விடுவார்கள். பாய்ந்து வரும் ரத்தத்துக்குக் குழாய் எத்தனை சதவீதம் விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால்தான் அது விரியும். அந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. எங்களைப் போன்ற லேபில் இந்தச் சோதனை கிடையாது. ஆனால் டப்பாவில் 'ரத்தக்குழாயை விரிக்கும்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த அளவைத்தான் சொல்கிறார்கள்.

"இங்க பிபி 150 காட்டுது. வீட்ல 130 தான். உங்க மிஷின் சரியில்லையா?"

மே மாத வெயிலில் பஸ்சை விட்டு இறங்கி, வேகமாக நடந்து வந்து, உட்கார்ந்த உடனே கையை நீட்டினால் 150 காட்டத்தான் செய்யும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, சிகரெட் கூடாது. பேசவும் கூடாது. அப்புறம் இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். வீட்டில் தொடர்ந்து 135/85-க்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

"ரிப்போர்ட்ல எல்டிஎல் 130 வரைக்கும் ஓகேன்னு இருக்கு. எனக்கு 118. அப்புறம் ஏன் டாக்டர் திட்டறாரு?"

எல்டிஎல் என்பது குழாய்ச் சுவரில் படியும் கெட்ட கொழுப்பு. ரிப்போர்ட்டில் அச்சடித்திருப்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு வேண்டிய அளவு உங்கள் உடம்பைப் பொறுத்தது. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு 70-க்குக் கீழே, சிலருக்கு 55-க்கும் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் 100-ஏ அதிகம் என்பார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நிறைய இடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பைக் கழித்து, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எல்டிஎல். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது. நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம் என்பது சகஜம். அதனால் மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்த எண்ணையும் ஒருமுறை பாருங்கள். அது எந்தக் கணக்கிலும் ஏமாற்றாது.

"டெஸ்டுக்கு முன்னாடி ஒரு வாரம் வாயைக் கட்டினா போதும்ல?"

போதும், உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள. ட்ரைகிளிசரைடு சில நாளிலேயே இறங்கும். முந்தின ராத்திரி ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு லேட்டாகப் படுத்தால் ஏறவும் செய்யும். எல்டிஎல் மாற வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பெயரிலேயே இருக்கிற மாதிரி, ஒரு வாரப் பத்தியத்துக்கு மசியாது. எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

"நாங்க கிராமத்து ஆளுங்க, வயல்ல வேலை செய்யறவங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம் வருது?"

வேலூர் சிஎம்சியைச் சேர்ந்தவர்கள் வேலூர் நகரத்திலும் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலும் 1991–94-ல் ஒரு கணக்கெடுப்பும் 2010–12-ல் இன்னொன்றும் நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் சர்க்கரை நோயும் உடல் எடையும் இரண்டு பக்கமும் கூடியிருந்தன. கிராமம் என்பதால் தப்பவில்லை. வயலுக்கு டிராக்டர் வந்துவிட்டது, போக வர பைக் வந்துவிட்டது, மூன்று வேளையும் அரிசி வந்துவிட்டது.

"எடை குறைஞ்சா ரத்தக்குழாய் தானா சரியாயிடுமா?"

நிறைய சரியாகும். ஒரு கிலோ குறைந்தால் மேல் பிபி சுமார் ஒரு புள்ளி இறங்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் இன்னும் வேகமாக இறங்கும். அமெரிக்காவில் குண்டாக இல்லாதவர்களையே இரண்டு வருடம் குறைவாகச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். 25 சதவீதம் குறைக்கச் சொன்னதில் அவர்களால் முடிந்தது 12 சதவீதம்தான். அதற்கே பிபி, எல்டிஎல், உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எல்லாம் இறங்கின. பாதி வெற்றிக்கே பலன் இருந்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

எடை மெஷினைவிட இஞ்ச் டேப் நல்லது. நம்மவர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் என்றால் தொப்பைக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் பித்தப்பையில் கல் வரலாம். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எல்டிஎல் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. எடை ஒரு இடத்தில் நின்ற பிறகு கொழுப்பு டெஸ்ட் எடுப்பதுதான் சரி.

"பேலியோல 12 கிலோ குறைச்சேன். ஷுகர் நார்மல். ஆனா எல்டிஎல் 190. குரூப்ல பயப்படாதீங்கன்னு சொல்றாங்க."

நான் பயப்படச் சொல்லவில்லை, டாக்டரிடம் போகச் சொல்கிறேன். பேலியோ டயட்டில் மாவுச்சத்தைக் குறைத்ததால் ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கும், எச்டிஎல் ஏறியிருக்கும், பிபியும் இறங்கியிருக்கும். அதெல்லாம் உண்மையான லாபம். ஆனால் நெய், வெண்ணெய், கொழுப்புக் கறி என்று போகும்போது சிலருக்கு எல்டிஎல் தாறுமாறாக ஏறுகிறது. 'பெரிய சைஸ் எல்டிஎல்தான், ஒன்றும் செய்யாது' என்ற வாதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். எல்டிஎல் எந்த சைசில் இருந்தாலும் குழாய்ச் சுவருக்குள் நுழையத்தான் செய்கிறது.

முந்தின பதிலில் சொன்ன தற்காலிக ஏற்றமாகவும் இருக்கலாம். எடை நின்ற பிறகு மறுபடி பாருங்கள். அப்போதும் 190 என்றால், குடும்பத்தில் சின்ன வயதிலேயே ஹார்ட் அட்டாக் வந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்பார். பரம்பரையாக வரும் அதிகக் கொழுப்பாக இருக்கலாம். மாவுச்சத்தைக் குறைத்தபடியே நெய்க்குப் பதில் கடலை எண்ணெய், கறிக்குப் பதில் மீன், முட்டை, வேர்க்கடலை என்று மாற்றிப் பார்த்து எல்டிஎல் இறங்கியவர்களும் உண்டு.

"அப்போ எந்த டயட்தான் நல்லது? ஒண்ணு சொல்லுங்க, போதும்."

பிபிக்கு நன்றாகச் சோதிக்கப்பட்டது 1997-ல் அமெரிக்காவில் வெளியான டாஷ் உணவுமுறை. காய், பழம், கொழுப்பு குறைந்த பால், பருப்பு அதிகம். கொழுப்புக் கறியும் இனிப்பும் குறைவு. யாருக்கும் எடை குறையவிடாமல், உப்பையும் மாற்றாமல் சோதித்தார்கள். அப்படியும் பிபி இருந்தவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமம். உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று 2001-ல் அடுத்த சோதனை காட்டியது.

இதற்கு வெளிநாட்டுக் காய் எதுவும் வேண்டாம். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், அவரைக்காய், வேர்க்கடலை, கொள்ளு எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறவைதான். களியும் மாவுச்சத்துதான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இரண்டு பெரிய உருண்டையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு 'அரிசியை விட்டுவிட்டேன் சார்' என்றால் சர்க்கரை இறங்காது. ஒரு உருண்டை, அதற்கு இரண்டு பங்கு காய் என்று தட்டை மாற்றுங்கள்.

உப்புதான் நம் வீட்டில் பெரிய வில்லன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் கையைக் குறைத்துவிட்டு, ஓரமாக ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே போய்விடும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பிபியைக் குறைக்கும், ஆனால் கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

"மரச்செக்கு எண்ணெய்க்கு மாறிட்டோம். கொலஸ்ட்ரால் குறையுமா?"

செக்கு மாறியதால் குறையாது. எந்த எண்ணெய், எவ்வளவு என்பதுதான் கணக்கு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் எல்டிஎல்லை ஏற்றாத வகைக் கொழுப்பு அதிகம். தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் செக்கில் ஆட்டினாலும் எல்டிஎல்லை ஏற்றத்தான் செய்யும்.

"காலையில வெறும் வயித்துல நாலு பல் பூண்டு துண்றேன். கொழுப்பு கரையுமா?"

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பச்சைப் பூண்டு, பூண்டுத் தூள் மாத்திரை, ஊறவைத்த பூண்டுச் சாறு மாத்திரை மூன்றையும் 192 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் எதிலும் இறங்கவில்லை. 2022-ல் இன்னொரு சோதனையில் பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும் கொலஸ்ட்ரால் மாதிரியான பொருள்), பூஞ்சை வைத்துப் புளிக்கவைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆறு சப்ளிமென்ட்டை, ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமோடு நான்கு வாரம் ஒப்பிட்டார்கள். ஸ்டாட்டினில் எல்டிஎல் சுமார் 38 சதவீதம் இறங்கியது. சப்ளிமென்ட் ஒன்றுகூட மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை.

பிபிக்குப் பூண்டு கொஞ்சம் உதவுகிறது என்று சில ஆய்வுகள் உண்டு. ரசத்திலும் குழம்பிலும் தாராளமாகப் போடுங்கள். வயிற்றெரிச்சலோடு பச்சையாக மெல்லும் தவம் தேவையில்லை.

"மருதம்பட்டை கஷாயம் அடைப்பையே கரைக்குதாமே? ஆபரேஷன் வேணாம்னு சொல்றாங்க."

நம் ஊர் தண்ணீரில் குழாய்க்குள் உப்புப் படிகிற மாதிரிதான் எல்லோரும் அடைப்பை நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அடைப்பு குழாயின் சுவருக்குள் வளர்வது. கொழுப்பு, செல், நார், சுண்ணாம்பு எல்லாம் கலந்தது. மேலே ஓடும் ஒரு கஷாயம் அதைக் கழுவிக்கொண்டு போகாது. நல்ல அளவு ஸ்டாட்டின் எடுத்தால் அது கொஞ்சம் சுருங்கும், முக்கியமாக வெடிக்காமல் கெட்டிப்படும். அதுவே பெரிய விஷயம்.

மருதம்பட்டையைச் சும்மா ஒதுக்கவும் முடியாது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாக இதயத்துக்குக் கொடுக்கிறார்கள். புகை பிடிப்பவர்களிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வில், முதல் பதிலில் சொன்ன கைக்குழாய் விரிவு கூடியது. இதயம் பலவீனமானவர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் கூடவில்லை. ஆஞ்சியோ முடிந்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் பட்டையை நம்பித் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை. பட்டைப் பொடி வாங்கினால் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று டாக்டரிடமும் சொல்லுங்கள்.

"செம்பருத்திப் பூ டீ பிபிக்கு நல்லதாம். எங்க வீட்டு வேலியிலேயே இருக்கு."

வேலியில் இருப்பது வேறு செடி. 2010-ல் அமெரிக்காவில் நாளைக்கு மூன்று கப் வீதம் ஆறு வாரம் கொடுத்து, மேல் பிபி சுமார் 7 புள்ளி இறங்கிய சோதனை, புளிச்சக்கீரை இனத்துச் செடியில் நடந்தது. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சிவப்பாக, சதைப்பற்றாக, புளிப்பாக நிற்கும் புல்லிவட்டம்தான் அந்த டீ. சித்தூர் பக்கம் கோங்குரா பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சாதி தெரிந்திருக்கும். வேலிச் செம்பருத்திக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. குடித்தால் கெடுதி என்று சொல்லவில்லை, அந்த 7 புள்ளியை இதில் எதிர்பார்க்காதீர்கள் என்கிறேன்.

"பீட்ரூட் ஜூஸ்?"

இதற்கு விளக்கம் உண்டு. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் நைட்ரேட் அதிகம். நாக்கின் மேலிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், உடம்பு அதை முதல் பதிலில் சொன்ன நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும். மேல் பிபி நாலைந்து புள்ளி இறங்கலாம். குடிப்பதை நிறுத்தினால் பலனும் போய்விடும். கிருமி கொல்லும் மவுத்வாஷால் தினமும் கொப்பளிப்பவர்களுக்கு அந்த பாக்டீரியாவே செத்துப்போவதால் பலன் குறையும்.

கிட்னியில் கல் உள்ளவர்கள் அளவாகக் குடியுங்கள். அப்புறம், மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அலறி அடித்துக்கொண்டு லேபுக்கு ஓடிவர வேண்டாம். முதலில் முந்தின நாள் என்ன குடித்தோம் என்று யோசியுங்கள்.

"எல்லாத்தையும் இல்லைன்னா எப்படி? எதுதான் வேலை செய்யுது?"

இசப்கோல். மலச்சிக்கலுக்கு வாங்கும் அதே உமிதான். நாளைக்கு 10 கிராம் வீதம் எடுத்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் இறங்குகிறது. நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். ஓட்ஸும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மசாலா பாக்கெட் ஓட்ஸில் உப்பு அதிகம்.

ஆளி விதைக்கும் நல்ல சோதனை உண்டு. 2013-ல் வெளியான கனடா ஆய்வில், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் தினம் 30 கிராம் பொடியை ஆறு மாதம் சாப்பிட்டார்கள். மேல் பிபி சுமார் 10 புள்ளி குறைவாக இருந்தது. முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், பொடித்துச் சாப்பிட வேண்டும். தாவர ஸ்டெரால் நாளைக்கு 2 கிராம் எடுத்தால் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் இறங்கும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பூண்டுக் கேள்வியில் சொன்ன நான்கு வாரச் சோதனையில் அது தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

"இயற்கைதானே சார், சைடு எஃபெக்ட் எப்படி வரும்?"

அதிமதுரத்தைப் பாருங்கள். இருமலுக்கு வாயில் போட்டு மெல்கிறோம். தினமும் எடுத்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிபி ஏன் குறையவில்லை என்று மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், தினம் குடிக்கும் மூலிகைப் பொடியில் அதிமதுரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சமையல் மஞ்சள் ஒன்றும் செய்யாது. ஆனால் மிளகுச் சத்தோடு சேர்த்து வரும் செறிவான மஞ்சள் கேப்ஸ்யூல், கிரீன் டீ சாற்று மாத்திரை, எடை குறைக்க விற்கும் குடம்புளிச் சத்து, இவற்றால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. மஞ்சள் காமாலை, அடர்ந்த சிறுநீர், தாங்க முடியாத சோர்வு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு, மஞ்சள், இஞ்சி கேப்ஸ்யூலைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. இதய வால்வு மாற்றி அந்த மாத்திரை எடுப்பவர்கள் கீரையை விடவேண்டியதில்லை, ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்துவதுதான் தப்பு.

"ஸ்டாட்டின் வேணாம், சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை எடுக்கலாமா? அது இயற்கை ஸ்டாட்டினாம்."

அதில் வேலை செய்யும் பொருள் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். அதே மருந்து, ஆனால் டப்பாவுக்கு டப்பா அளவு வேறு, கிட்னியைக் கெடுக்கும் ஒரு பூஞ்சை நச்சு கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. தசை வலிக்குப் பயந்து ஸ்டாட்டினை விட்டவருக்கு இதிலும் தசை வலி வரலாம். வலி என்றால் டாக்டர் அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை தருவார். அதைக் கேட்பதுதான் வழி.

"ரம்ஜான் நோன்புல பிபி மாத்திரை, டெஸ்ட் எல்லாம் எப்படி? நாங்க மேல்விஷாரம்."

நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை நேரத்தை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தருவார். சிறுநீர் பிரியச் செய்யும் பிபி மாத்திரையும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளும், இன்சுலினும் நோன்பு நேரத்தில் ஆபத்தாகலாம். அளவை நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள். நோன்பில் எடையும் கொழுப்பும் கொஞ்சம் இறங்குவதுண்டு, இஃப்தாரில் சமோசா, வடை என்று போனால் இறங்காது. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில் காவடி எடுத்து நாள் முழுக்க விரதம் இருப்பவர்களுக்கும் மாத்திரை விஷயத்தில் இதேதான் பதில்.

"எச்எஸ் சிஆர்பி 12 வந்திருக்கு. ஹார்ட் அட்டாக் வரப்போகுதா?"

சிஆர்பி உடலில் எந்த அழற்சி இருந்தாலும் ஏறும். சளி, காய்ச்சல், பல் வீக்கம், கால் புண் ஏதாவது இருந்ததா என்று முதலில் பாருங்கள். 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் தொற்றோ காயமோதான். அது ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். 1-க்குக் கீழே, 1 முதல் 3, 3-க்கு மேல் என்ற இதய ஆபத்துக் கணக்கு, உடம்பு சாதாரணமாக இருக்கும்போது எடுத்த எண்ணுக்குத்தான் பொருந்தும்.

"மூணு மாசம் மூலிகை கேப்ஸ்யூல் எடுத்தேன். எல்டிஎல் 142-ல இருந்து 134. வேலை செஞ்சிருக்குல்ல?"

தெரியாது. ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் ஒரே ஆளுக்கு எல்டிஎல் நாளுக்கு நாள் 5 முதல் 10 சதவீதம் மாறும். எட்டுப் புள்ளி அதற்குள் அடங்கிவிடுகிறது. அதோடு, கேப்ஸ்யூல் தொடங்கிய அன்றே நடையும் தொடங்கியிருப்பீர்கள், ராத்திரி பரோட்டாவையும் விட்டிருப்பீர்கள். நடந்த காலுக்கு ஒரு பாராட்டும் கிடைக்காமல் டப்பாவுக்கு எல்லாப் பெயரும் போய்விடும்.

எண் மாறினாலே நோய் தடுக்கப்பட்டது என்றும் ஆகாது. கோக்கோ சத்து கைக்குழாய் விரிவைக் கூட்டும் என்று பல ஆய்வுகள் சொன்னபிறகு, அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவில், ஹார்ட் அட்டாக், பக்கவாதம் முதலிய இதயநோய் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை நம்பும்படி குறையவில்லை. இதயநோயால் இறந்தவர்கள் மட்டும் அந்தக் குழுவில் குறைவு, ஆனால் சோதனை முதலில் கேட்ட கேள்வி அது இல்லை.

சோதித்தே பார்க்க வேண்டுமென்றால் ஒரே லேபில், ஒரே மாதிரி வெறும் வயிற்றில், தொடங்குவதற்கு முன் இரண்டு முறை, முடிந்த பின் இரண்டு முறை எடுங்கள். அந்த மூன்று மாதத்தில் அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.